ஆவிஸ் எழுதிய வேலைப் பட்டியல்

கோப்பைகளைத் துடைக்க மெரில் துண்டை எடுத்ததுதான் தாமதம், ரோஸ்லின் ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ போய் உக்காரு மெரில். நாங்க பாத்துக்கறோம்."

சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள். ரோஸ்லின் மெரிலின் தம்பி மனைவி, கெட்டவள் இல்லை. மாமியார் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அவள் வாயிலும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அந்த மாமியார் ஆவிஸ் இப்போது பெரிய அறையில் கழுத்துவரை போர்த்தியபடி செத்துக் கிடந்தாள்.

காலை ஆறு மணிக்கு டீ கொண்டுபோன ரோஸ்லின்தான் முதலில் பார்த்தாள். தீவு நர்ஸ் வந்து, டாக்டரோடு போனில் பேசிவிட்டு, தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றாள். ஹோபார்ட்டிலிருந்து சவ வண்டி பத்து மணி ஃபெரிப் படகில் வரும். பன்னிரண்டுக்கு வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். மதியம் வேறொரு குடும்பம் வந்து இறங்கும்.

"வீட்டுக்காரம்மாகிட்ட பேசிட்டேன். அவசரமில்ல, நிதானமா கிளம்புங்கன்னாங்க," என்றான் தம்பி டரில்.

"அத்தை இருந்திருந்தா?" என்றாள் ரோஸ்லின்.

"பன்னெண்டு அஞ்சுக்கு நம்ம தோல உரிச்சிருப்பா."

யாரோ சிரிக்கப் போய் அழுதார்கள். பிறகு இருபத்திமூன்று பேரும் எழுந்து வேலையைத் தொடங்கினார்கள். வேறென்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு ஜனவரியும் ப்ரூனி தீவில் இதே வாடகை வீட்டில்தான் டிரீன் குடும்பம் கூடும். இடம் போதாதவர்கள் புல்வெளியில் கூடாரம் அடித்துக்கொள்வார்கள். கடைசி நாளுக்கு முந்தின மாலை ஆவிஸ் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். யாருக்கு என்ன வேலை என்று. அந்தக் குடும்பத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: வீட்டு மனுஷர் வேலை செய்ய வேண்டும், விருந்தாளி உட்கார வேண்டும். ரோஸ்லின் தன் கல்யாணத்தில் அழவில்லை. பட்டியலில் முதல் தடவை பேர் வந்தபோது கழிவறையில் போய் அழுதாள்.

மெரில் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று அதை மறுபடி படித்தாள். டரில், பார்பிக்யூ தகடு. ரோஸ்லின், அடுப்பு. கோரி, மீன் வெட்டும் மேசை. எட்டு வயது டில்லி, மணல் பெருக்க. ஆறு மாதக் குழந்தைகூட இருந்தது: ஜாக், குறுக்கே வராமல் இருக்க. அதற்குக் கீழே நாய், வெளியே. கடைசி வரியில் ஆவிஸ், பெரிய அறை.

மெரில் எங்கேயும் இல்லை. பெற்ற மகளுக்கு நாய்க்கிருந்த இடம்கூட இல்லை.

ஒன்பது வருஷத்துக் கோபம் அது. அப்பா கென் ஞாபகம் தப்பிப்போன காலத்தில் அம்மாவை அடிக்கத் தொடங்கியிருந்தார். லான்செஸ்டனிலிருந்து வந்த மெரில், கொதிக்கிற வெயிலில் அம்மா கம்பளிச் சட்டை போட்டிருப்பதைப் பார்த்தாள். சட்டைக் கையை மேலே சுருட்டிப் பார்த்தால் முழங்கை வரைக்கும் கன்றிப்போன நீலம். அந்த வாரமே முதியோர் இல்லத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பதாம் நாள் அப்பா அங்கேயே இறந்துபோனார்.

"அம்பத்திரண்டு வருஷம் நான் காப்பாத்தின மனுஷன நீ பத்தொம்பது நாள்ல முடிச்சுட்ட," என்று கல்லறையில் வைத்தே சொன்னாள் ஆவிஸ். அதற்குப் பிறகு ஜனவரி அழைப்பு வரவில்லை.

இந்த வருஷம் டரில் கெஞ்சியதில் அழைப்பு வந்தது. ஆவிஸ் கதவைத் திறந்து, கன்னத்தில் முத்தமிட்டு, புதுத் துண்டையும் தங்க விளிம்புக் கோப்பையையும் கொடுத்தாள். மெரில் ஒரு தட்டைத் தொட்டால் போதும், "விருந்தாளிங்க கைய நனைக்க வேண்டாம்" என்று வாங்கிக்கொள்வாள். ஏச்சாக இருந்தால் மெரில் தாங்கியிருப்பாள். மரியாதையை எப்படித் தாங்குவது?

ஆனாலும் அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். இன்று ஃபெரியில் அம்மா அவள் காரில் வருவதாக ஏற்பாடு. தண்ணீர் மேல் இருபது நிமிஷம், கதவைத் திறந்துகொண்டு போக வழியில்லை. ஒரே கேள்விதான் வைத்திருந்தாள்: நான் செஞ்சது தப்பாம்மா? ஏழு நாளாக அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள்.

வெளியே டரில் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நேற்றைய மீன் தோல் கருகி ஒட்டியிருந்தது. மெரில் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவன் நிமிரவில்லை.

"மெரில், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அப்பா அடிக்கறாரு, வந்து ஏதாச்சும் பண்ணுன்னு உன்ன கூப்பிட்டது நான்தான்னு அம்மாகிட்ட நான் சொல்லவே இல்ல."

"தெரியும்."

"ஒன்பது வருஷமா சொல்லல. இன்னிக்கு வீட்ட பூட்டினதும் சொல்லிடலாம்னு இருந்தேன். சத்தியமா."

அவளுக்கு அவனை அந்தத் தகட்டாலேயே அடிக்கலாம் போலிருந்தது. அவன் ஒரே இடத்தையே திரும்பத் திரும்பச் சுரண்டுவதைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

"நல்லா சுரண்டு. ஓரத்துல இருக்கு பாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

பத்தே முக்காலுக்கு வண்டி வந்தது. இரண்டு பேர் தொப்பியைக் கழற்றிவிட்டு நுழைந்தார்கள். மணல் பெருக்கிய தரையில் காலணியோடு நடக்கத் தயங்கி வாசலிலேயே கழற்றி வைத்தார்கள். காலுறையோடு அவர்கள் ஆவிஸைத் தூக்கிக்கொண்டு போனபோது எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைக்காமலே நின்றார்கள்; ஒருத்தி வாளியோடு, ஒருவன் துடைப்பத்தோடு. வண்டி யூகலிப்டஸ் மரங்களுக்குள் மறைந்தது. மெரிலின் காரில் அம்மாவுக்காக அவள் முன்சீட்டில் போட்டு வைத்திருந்த குஷன் அப்படியே இருந்தது.

எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். பெரிய அறைக் கதவு திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

மெரில் போனாள்.

தலையணையில் இன்னும் பள்ளம் இருந்தது. விரிப்பின் ஒரு இடம் ஈரமாக இருந்தது. உயிர் போகும்போது அப்படி ஆவதுண்டு. விரிப்பின் மூலைகளை ஆவிஸ் எப்போதும் போல இறுக்கிச் செருகியிருந்ததில், உருவி எடுக்க மெரிலுக்கு நகம் உடைந்தது. மெஷினில் துண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் துணி துவைக்கும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கையாலேயே கசக்கத் தொடங்கினாள்.

ரோஸ்லின் வாசலில் வந்து நின்றாள். "மெரில், அத நான்..." என்று ஆரம்பித்தவள் விரிப்பைப் பார்த்தாள். மெரிலின் முகத்தையும் பார்த்தாள். பிறகு சோப்புத்தூள் டப்பாவைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

பூட்டுவதற்கு முன்னால் ஆவிஸ் பட்டியலைச் சத்தமாகப் படிப்பது வழக்கம். பேர் வந்தால் "முடிஞ்சுது" என்று சொல்ல வேண்டும்; அவள் பென்சிலால் சரி போடுவாள். இந்தத் தடவை வராந்தாவில் எல்லோரும் கூடியபோது பட்டியல் டரிலின் கையில் இருந்தது.

"டரில், பார்பிக்யூ தகடு. முடிஞ்சுது," என்று தனக்குத் தானே சொல்லிச் சரி போட்டான். "ரோஸ்லின்."

"முடிஞ்சுது."

"கோரி."

"முடிஞ்சுது."

டில்லி துடைப்பத்தை உயர்த்திக் காட்டினாள். ஜாக் குறுக்கே வரவில்லை என்று அவன் அம்மா சொன்னாள். நாய் புல்லில் படுத்திருந்தது.

டரில் கடைசி வரிக்கு வந்து நின்றுவிட்டான்.

"ஆவிஸ். பெரிய அறை."

கடல் பக்கமிருந்து காற்று வீசி, கொடியில் விரிப்பு படபடத்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"முடிஞ்சுது," என்றாள் மெரில்.

முழங்கை வரைக்கும் நனைந்திருந்த சட்டைக் கையை அவள் இன்னும் இறக்கிவிடவில்லை. டரில் தூணில் தாளை வைத்து அழுத்தி, சரி போட்டான்.