கௌரிக்குத் திறக்காத கதவு

படாரென்று திறந்த கதவு சுவரில் மோதி, அங்கே மாட்டியிருந்த பாதுகாப்பு வாரத் தட்டியைக் கீழே தள்ளியது. பயிற்சி அறையில் தனியாக உட்கார்ந்து எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த மாதவன் திடுக்கிட்டு எழுந்தான்.

வாசலில் முனிலட்சுமி. நீலச் சட்டை, தலையில் வலைத்தொப்பி, கையில் அச்சகத்திலிருந்து வந்த புரூப் தாள்கள். உற்பத்தி லைனிலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"கௌரியை யாரு சார் உயிரோட கொண்டாரச் சொன்னது?"

அவள் பின்னாலேயே வந்த பார்வதி, தட்டியை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். "சாப்பாட்டு பெல் அடிச்சதும் கேன்டீனுக்கு வராம இங்க ஓடியாந்துட்டா சார். நீங்க யாரையோ கொன்னுட்டீங்கன்னு நெனச்சுக்கினு நானும் வந்தேன். உயிர் குடுத்ததுக்கா இந்தக் கோவம்?"

"நீ சும்மா இரு பார்வதி" என்றாள் முனிலட்சுமி. விளையாட்டுக்குக்கூட அவள் முகம் இளகவில்லை.

ஓசூர் சிப்காட்டில் கார்களுக்கான ஒயர்களைக் கட்டும் கம்பெனி அது. ஊழியர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க மாதவனை அமர்த்தியிருந்தார்கள். மதுரைக்காரன், வார இதழ்களில் அவ்வப்போது கதை எழுதுகிறவன். வெறும் இலக்கணம் நடத்தினால் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று, ஆளுக்கொரு கதையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னான். அவற்றில் சிறந்ததை 2007ஆம் வருட ஆண்டு விழா மலரில் போடுவதாக ஏற்பாடு. முனிலட்சுமியின் கதை தேர்வானது. இன்று மாலைக்குள் புரூப் அச்சகத்துக்குத் திரும்பியாக வேண்டும்.

அவள் கதை நடப்பது ஒரு காட்டோரக் கிராமத்தில். அறுவடை முடிந்து ராகி மூட்டைகள் வீட்டுக்குள் அடுக்கியிருக்கின்றன. வாசனை பிடித்து இருட்டில் யானை வருகிறது. கொட்டகையில் கட்டிய கன்று கதற, அதை அவிழ்த்துவிடக் கௌரி வெளியே ஓடுகிறாள். திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருக்கும் கணவன் திறக்கவில்லை; கௌரி யானையிடம் சிக்கிச் சாகிறாள். முனிலட்சுமி எழுதியது அவ்வளவுதான்.

புரூப்பில் கணவன் கதவைத் திறந்தான். தீப்பந்தத்தோடு பாய்ந்தான். யானை ஓடியது. கடைசி வரியில் கௌரி அவன் தோளில் சாய்ந்து அழுதாள்.

"உக்காருங்க. தப்பு திருத்துனதுல ஏதும் சங்கடமா?" மாதவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அதுல ஒண்ணும் இல்ல சார். 'தி' எங்க போடறதுன்னு தெரியாம உப்பு மாதிரி எல்லா எடத்துலயும் தூவியிருந்தேன். எடுத்துட்டீங்க, நல்லதாப் போச்சு. நடந்ததையும் நடக்கறதையும் கலந்து எழுதியிருந்தேன், அதையும் சரி பண்ணிட்டீங்க. ஆனா இந்தக் கடைசிப் பக்கம் என்னுது இல்ல."

"ஆண்டு விழா மலரும்மா. புள்ளகுட்டியோட வந்து வாங்கிட்டுப் போவாக. பொண்டாட்டி சாகுற கதையையா போடுறதுன்னு மேனேஜர் கேட்டாரு. அதைக்கூட விடுங்க. கதையாவே அது நிக்கலை. வெளிய பொண்டாட்டி கத்துறா. உள்ள புருஷன் கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கான். எவன் நம்புவான்? அவன் என்ன கெட்டவனா?"

"நல்லவருதான்."

"அப்ப ஏன் திறக்கலை?"

"இதை எங்கிட்ட கேட்டுட்டு மாத்தியிருக்கலாமில்ல சார்?" முனிலட்சுமி எழுந்து வெள்ளைப் பலகையருகே போனாள். "லைன்ல ஒரு ஒயர் மாறிப்போச்சுன்னா நாங்க உடனே கழட்டி மாத்தறதில்ல. ஒய்-ஒய் போடுவோம். ஏன்னு அஞ்சு தடவை கேக்கணும். ஆளு கவனமில்லாம இருந்தான்னு ஒத்தை வரியில எழுதிக் குடுத்தா குவாலிட்டில மூஞ்சியில வீசுவாங்க. நீங்க ஒரு தடவைகூடக் கேக்காம ரீவொர்க் பண்ணிட்டீங்க."

"அது சரிதான் சார். எங்க சூப்பர்வைசர் பொண்டாட்டிகிட்டகூட ஒய்-ஒய் போட்டு அடி வாங்கினவரு" என்றாள் பார்வதி.

மாதவன் சிரிக்கவில்லை. அவனுக்குச் சுருக்கென்றிருந்தது. பாத்திரங்களைக் கேள்வி கேளுங்கள் என்று வகுப்பில் வாரந்தவறாமல் சொல்கிறவன் அவன்தான்.

"சரி, கேக்குறேன். ஏன் திறக்கலை?"

"யானை தாவாரத்துலயே நின்னுக்கினு இருந்தது. கதவைத் திறந்தா ராகி வாசனைக்கு உள்ளதான் தலையை உடும்."

"உள்ள விட்டா என்ன? மூட்டைதானே போகும்?"

"மூட்டைக்கு முன்னால பசங்க படுத்திருந்தாங்க. ஒரே ரூம்பு சார் அது. வேற வாசல் கிடையாது."

"பசங்களை எழுப்பி ஒரு மூலையில தள்ளிட்டு..."

"எழுப்பினா அழுவுமில்ல? சத்தம் கேட்டா செவுத்தை இடிக்கும். அதுக்கு முந்தின வருசம் பக்கத்து ஊர்ல அப்பிடித்தான் இடிச்சுது." அவள் குரல் ஏறவில்லை, லைனில் வேலை விவரம் சொல்வது போலவே சொன்னாள். "கடைசிப் பொண்ணு மட்டும் முழிச்சுக்குச்சு. அது வாயை அவரு கையால பொத்திக்கினாரு. வெளிய இருந்து கௌரி கதவைத் தட்டுனா. அப்பறம் பேரைச் சொல்லிக் கூப்புட்டா."

"புருஷன் பேரையா?"

"அந்தப் பக்கத்துல பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க சார். அன்னைக்குச் சொன்னா."

பார்வதி சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் முகத்திலிருந்து கேலி போய்விட்டிருந்தது.

"அப்புறம்?" என்றான் மாதவன்.

"அப்பறம் கூப்புடறதை நிறுத்திட்டா. உள்ள பசங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியுமில்ல? கொல்லைப் பக்கம் ஓடுனா. யானை அவ பின்னால போச்சு. வீடு தப்பிச்சுது."

வெளியே போர்க்லிப்ட் வண்டி பின்னால் வரும் ஒலி மட்டும் பீப் பீப் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

மாதவன் புரூப்பை வாங்கிக்கொண்டான். தான் எழுதிச் சேர்த்த கடைசிப் பத்திகளின் மேல் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு இழுத்தான். தீப்பந்தம் போயிற்று, தோளில் சாய்ந்த கௌரியும் போனாள். ஓரத்தில் அவள் எழுதிய முடிவை எழுத்துப் பிசகாமல் எழுதினான். கையெழுத்துப் போட்டான்.

"கௌரி ஏன் கூப்பிடுறதை நிறுத்துனாங்கிறதையும், அந்தப் பொண்ணு வாயைப் பொத்துனதையும் சேர்க்கணும். கதை அங்கதான் இருக்கு. எழுதித் தர முடியுமா? இப்பவே?"

முனிலட்சுமி தயங்கினாள். பேனாவை வாங்கிக் கால்மணி நேரம் குனிந்து எழுதினாள். நடுவில் ஒருமுறை, பொத்துவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் எழுதி முடித்ததில் ஒரு பிழை இருந்தது, திருத்தினான். மற்றதைத் தொடவில்லை.

"மேனேஜர் ஒத்துக்கலைன்னா?"

"நான் பேசிக்கிறேன். இந்த முடிவு இல்லாம, தொகுத்தவன்னு என் பேரு இருக்கிற மலர்ல இந்தக் கதை வராது."

அவள் தலையசைத்தாள். பார்வதி அவள் தொப்பியைச் சரிசெய்து, "வாடி, ஒரு வாய் சாப்புட்டு லைனுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தாள்.

"ஒரு நிமிஷம்." மாதவனுக்கு மனசு அடங்கவில்லை. "இதைத் தமிழ்ல எழுதுங்க முனிலட்சுமி. நான் எழுதுற பத்திரிகைக்கே அனுப்புவோம். அத்தனை வாசகரும் இதைப் படிக்கணும். இந்த மலரை வாங்குறவுக போட்டோவைப் பார்த்துட்டுப் பீரோவுல வச்சிருவாக."

"வேணாம் சார்."

"ஏன்? பேரு வரக் கூடாதுன்னா புனைபேர் வச்சுக்கலாம். ஊரை மாத்திருவோம்."

"ஊரை மாத்தினாலும் தெரியும் சார். இங்கிலீஷ்லயே இருக்கட்டும்."

"யாருக்குத் தெரியப் போகுது? தேன்கனிக்கோட்டைக்கு அங்கிட்டு உங்க வீட்டுல எல்லாரும் தெலுங்குதானே பேசுறதா சொன்னீங்க? தமிழ்ப் பத்திரிகையை அங்க யாரு வாசிக்கப் போறாங்க?"

முனிலட்சுமி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"எங்கப்பாவுக்குத் தமிழ் படிக்க வரும் சார்."