நில், சரி

மலேசியாவில் கெர்லிங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில், பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் பெரிய கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புத் திரை இருந்தது. உள்ளே ஆவி இருக்கிறதா என்று அது ஆங்கிலத்தில் காட்டும்; படம் வராது, எழுத்து மட்டும்தான். அதைப் பழுதுபார்க்க ரவாங்கிலிருந்து வந்த ரூபினி ஒன்றைக் கவனித்தாள். கொப்பரை வேலையில் இருந்த புவனேசன், கதவைத் திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஐயாவுவிடம் ஓடிப்போய்த் திரையில் என்ன இருக்கிறது என்று கேட்டு வந்தார். புதுக்கோட்டையிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். தமிழ் மட்டும்தான் வாசிப்பார். உள்ளே ஆவி இருக்கும்போது திறந்தால் ஆள் வெந்துவிடுவார்.

தமிழில் மாற்றித் தருகிறேன் என்றாள் ரூபினி. ஆலை ஓடாத ஞாயிற்றுக்கிழமை செய்துகொள்ள மேலாளர் சம்மதித்தார்.

அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது. எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்து எழுத்துருவில் சேர்த்தாள். ஆங்கில எழுத்துக்கான ஒரு கட்டத்தில் ‘ற’ அடங்கவில்லை. எல்லா எழுத்துக்கும் இரண்டு கட்டம் கொடுத்தாள். சோதனைக்குப் புவனேசனின் பெயரை இட்டாள்.

“மேடம், என் பேர்ல கொம்பு பின்னால போய் நிக்குது,” என்றார் அவர்.

கொம்பை முன்னால் தள்ள அந்தத் திரைக்கு வழியில்லை. அதனால் ‘னே’யை முழு எழுத்தாகவே வரைந்தாள். மற்ற உயிர்மெய்களையும் அப்படியே செய்தாள்.

பிறகு, ஆவி இருப்பதாக ஆங்கிலத்தில் சொல்லும் இடத்தில் ‘திறக்க வேண்டாம்’ என்று போட்டு, வெறும் கொப்பரையில் ஓடவிட்டாள். புவனேசன் வாசித்துவிட்டு நேரே கதவுப் பிடியில் கை வைத்தார்.

“அண்ணே, ஏன் திறக்கிறீங்க?”

“திறக்கன்னுதானே மேடம் போட்டிருக்கு.”

ரூபினி திரும்பிப் பார்த்தாள். ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்த இடத்தில் ‘திறக்க’ மட்டுமே நின்றது. ‘வேண்டாம்’ வெட்டுப்பட்டுப் போயிருந்தது. உடனே ஐயாவுவைத் தேடிப் போய் நடந்ததைத் தானே சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. “இன்னிக்கே தெரிஞ்சது நல்லதுலா. சின்னதா ஒரு வார்த்தை போடு.”

மூவரும் பேசி, ஆவி இருந்தால் ‘நில்’, இறங்கிவிட்டால் ‘சரி’ என்று முடிவுசெய்தார்கள்.

திங்கட்கிழமை காலை கொப்பரை சீறியது. திரையில் ‘நில்’ என்று வந்தது. புவனேசன் கைகட்டி நின்றார். ‘சரி’ வந்ததும் யாரையும் தேடிப் போகாமல் கதவைத் திறந்தார். வெந்த பழத்தின் வாசம் கொட்டகை முழுக்கப் பரவியது.

வேலை முடிந்தும் ரூபினி கிளம்பவில்லை. இன்னும் இரண்டு தடவை குலைகள் வெந்து இறங்கும்வரை அங்கேயே நின்று பார்த்தாள்.