வெந்தயத் தண்ணீர் ஏழு நாள்

மூன்றாவது தடவையும் அந்த வரி திரும்பி வந்துவிட்டது.

கருப்பண்ணன் மருமகளின் போனை மூக்குக்கு நேரே பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அதேதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. "நாமக்கல் பக்கத்துப் பெண்கள் இதை உடல் சூடு என்பார்கள். வெந்தயம் ஊறிய தண்ணீரை ஏழு நாள் வெறும் வயிற்றில் குடித்தால் நின்றுவிடும்." விடிந்ததும் ஒரு தடவை அழித்தார். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து பார்த்தால் இருந்தது. சோற்றுக்கு முன்னால் ஒரு தடவை, சோற்றுக்குப் பின்னால் ஒரு தடவை. இப்போது விரலை வைத்தால் எதுவும் அழியவில்லை. சிவப்பாக என்னவோ நீளமாக எழுதி வந்து நின்றது.

"அம்மிணி, இங்க வா. இது என்ன சொல்லுது பாரு."

தேவிப்ரியா மாவுக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். முகம் செத்துப்போனது.

"என்ன மாமா பண்ணுனீங்க? மூணு நாளைக்கு நான் எதுவும் எழுத முடியாம முடக்கி வெச்சுட்டாங்க."

"அந்த வெந்தயத்தை அழிச்சேன்."

"அது நான் எழுதுனதுங்க மாமா."

"தெரியும். அதனாலதான் உன்ற போன்ல அழிச்சேன்."

மகன் அன்பு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் கிடக்கிறான். ஒவ்வொரு தடவை போனாலும் எட்டு மாதம். அவன் இல்லாத பொழுதைப் போக்க தேவிப்ரியா பிடித்துக்கொண்டதுதான் போனில் இந்த விக்கிப் பக்கம். பெண்களின் உடம்பைப் பற்றிப் பெண்களே எழுதுவது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று அவள் சொன்ன நாளிலேயே கருப்பண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஊர் பேர் தெரியாதவள் எழுதியதை ஊர் பேர் தெரியாதவள் படிப்பதாம். இதை நம்பி ஒருத்தி மருந்து தின்றால் கேட்பதற்கு ஆள் யார்? ஆனால் அவர் யாரைத்தான் நம்பினார். வக்கீலை நம்பியதில்லை, டாக்டரை நம்பியதில்லை, பஸ் வரும் நேரம் எழுதிய பலகையைக்கூட நம்பியதில்லை.

இப்போது அந்த வரி அவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அவர் பொண்டாட்டியைக் கொன்றுகொண்டிருந்தது.

பாவாயிக்கு மாதாமாதம் வருவது நின்று ஏழு வருடம் ஆகிறது. போன மாதம் இருவரும் எருமப்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போனபோது, பாதி வழியில் அவள் சட்டென்று எழுந்து நின்றுகொண்டாள். பையைப் பின்பக்கமாகப் பிடித்திருந்தாள். சீட்டைப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், கருஞ்சிவப்பு. காலேஜ் பிள்ளை ஒன்று உட்கார வந்தது. கருப்பண்ணன் நகர்ந்து அந்த ஈரத்தின்மேல் தானே உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம்தான் கவனித்தார். மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால், யார் கண்ணும் படாத இடத்தில், தினமும் துணி காய்ந்தது. அவளுடைய ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கியது. பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடம், யாருக்கோ என்பதுபோல் கேட்டுப் பார்த்தார். அந்தப் பெண் கையிலிருந்த நோட்டை மூடிவிட்டுச் சொன்னது: "நின்னு ஒரு வருசம் தாண்டுன பொறவு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்டோணுங்க தாத்தா. கர்ப்பப்பையில என்ன இருக்குதுன்னு பாத்துத்தான் சொல்ல முடியும். சீக்கிரம் பாத்தா காப்பாத்திறலாம்."

அவர் நம்பினார். அந்தப் பெண்ணின் படிப்பை நம்பி அல்ல. முப்பது வருடம் ரிக் வண்டியில் போர் போட்டவர் அவர். வறண்டு மூடிய போரில் வருடம் கழித்துத் தானாகச் செங்கலங்கலாகத் தண்ணி ஏறினால், குருட்டு யோகம் என்று சந்தோஷப்படுகிறவன் முட்டாள். உள்ளே மண் சரியாமலிருக்க இறக்கிய கேசிங் பைப் உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கே பாவாயியிடம் வந்து, கிளம்பு என்றார். அவள் கிளம்பவில்லை. மருமகளின் போனை எடுத்துவந்து, காது படம் போட்ட பொத்தானை அழுத்தினாள். போனுக்குள்ளிருந்து மெஷின் பொம்பளைக் குரல் ஒன்று நிறுத்தி நிதானமாகப் படித்தது. ஏழு நாள் வெறும் வயிற்றில். நின்றுவிடும்.

"கேட்டுக்குங்க," என்றாள். "நீங்க மாத்தி மாத்திப் பேசுவீங்க. இது மாத்தாம பேசுது."

ஒரு மாதமாக இதே கதை. அவர் ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்தால் அவள் போனை எடுப்பாள். மருமகள் தோட்டத்துப் பக்கம் போன நேரமாகப் பார்த்துக் கெஞ்சினார். கத்தினார். ஒருநாள் கையைப் பிடித்து வாசல்வரைக்கும் இழுத்தும் பார்த்தார். கை விறகுக்குச்சி மாதிரி இருந்தது. பயந்துபோய் விட்டுவிட்டார். அவளை மாற்ற முடியாது, போனைத்தான் மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தார்.

பஸ்ஸில் பார்த்ததை மட்டும் மருமகளிடம் சொன்னார்.

"அந்த வெந்தயம் அத்தைக்கா மாமா?" தேவிப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஊர்ல பொம்பளைங்க இப்படித்தான் பண்ணுவாங்கன்னு சொன்னாங்க. அவங்க குரலையே பதிஞ்சு ஆதாரமாப் போட்டேன். அவங்களுக்குன்னு எங்கிட்ட சொல்லவே இல்லீங்களே."

"இப்பத் தெரிஞ்சுதல்ல. எடு அதை."

"எனக்குத்தான் பூட்டிட்டாங்களே. அதைப் பாத்துக்கறது சூரமங்கலத்துல ஒரு ரிட்டையர்டு நர்ஸ். சாரதாமணின்னு பேரு. அவங்ககிட்ட வேணா பேசுங்க."

போனைப் போட்டுக் கையில் கொடுத்தாள். கருப்பண்ணன் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏனுங்க, ஒரு உசிரு போகுது. அந்த வெந்தயத்தை எடுத்துப்போட உங்களுக்கு என்ன கேடு?"

அந்தப் பக்கமிருந்து நிதானமான குரல் வந்தது.

"காலையில இருந்து அழிக்கறது நீங்கதானுங்களா? பேரைச் சொல்லுங்கய்யா."

"பேரு எதுக்கு? கேசு போடறதுக்கா?"

"கூப்பிடறதுக்குங்க."

சொன்னார். பஸ்ஸைச் சொன்னார், துணியைச் சொன்னார், ரவிக்கையைச் சொன்னார். சாரதாமணி முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"அந்தப் பக்கத்துல மேலயே போட்டிருக்குதுங்கய்யா, டாக்டர்கிட்ட உடனே போகோணும்னு. கீழ ஊர் வழக்கம்னு இருக்கறதுதான் வெந்தயம். அதுக்குப் பக்கத்துல எச்சரிக்கை இல்லாதது எங்க தப்பு. இப்பவே சிவப்புல ஒரு வரி போடறேன்."

"அவ மேல இருக்கறதைக் கேக்க மாட்டா. இதை மட்டுந்தான் அமுக்கிக் கேப்பா. அடியோட எடுங்க."

"ஒரு பொம்பள தன் வாயால சொன்னதை வேற ஆள் அழிக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கறமுங்க. தெனமும் நாலு ஆம்பளைங்க வாராங்க, பொண்டாட்டி சொன்னதை அழி, மக சொன்னதை அழின்னு. சொன்னவங்களே வந்து மாத்தினாத்தான் மாத்துவோம்."

"அப்படீன்னா நான் மாத்தலாமுங்க."

"எப்படிங்க?"

கருப்பண்ணன் துண்டால் வாயைத் துடைத்தார்.

"அதைச் சொன்னதே நாந்தான். பதினோரு மாசத்துக்கு முன்னால அவ வந்து, ஏனுங்க மறுபடியும் படுதுன்னு எங்கிட்டத்தான் சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டா. நாந்தான், என்ற அக்கா போனாளே திரும்பி வந்தாளா, அறுத்துக் கட்டிக் குடுத்துருவான், இது சூடு, ஏழு நாள் வெந்தயத்தைக் குடின்னு சொன்னேன். நான் சொன்னதை அவ மருமககிட்ட சொல்லி, மருமக உங்ககிட்ட எழுதி, அது எங்க ஊட்டுக்கே திரும்பி வந்திருக்குது. இப்ப நானே போகச் சொன்னா, நீங்க மாத்திப் பேசறீங்கங்கறா."

மாவு காய்ந்த கையோடு தேவிப்ரியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சொன்னது நீங்கதானுங்கய்யா. ஆனா குடிச்சது நீங்க இல்லை," என்றாள் சாரதாமணி. "குடிச்சவங்கதான் சொல்லோணும். இத்தனை நாள்ல அவங்களைப் போ போன்னு சொன்னீங்களே, ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா? குடிச்சியே, நின்னுச்சான்னு."

கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பாவாயி கொட்டாயில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தாள். மரவள்ளிக்காட்டு வெயில் அவள் முதுகு வரைக்கும் வந்திருந்தது. கருப்பண்ணன் எதிரில் குந்தினார். தேவிப்ரியா போனோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரிப் பேச்சுன்னா எந்திரிச்சுப் போயிருவேன்," என்றாள் பாவாயி, நிமிராமலே.

"அதில்ல. வெந்தயத் தண்ணி குடிச்சியே. நின்னுச்சா?"

அரிவாள்மணையில் ஓடிய கை நின்றது.

"மருமகளை வெச்சுக்கிட்டுக் கேக்கற கேள்வியா இது?"

"அவ எழுதுனதுதான. அங்க கேக்கறாங்க. குடிச்சவங்க வாயால சொல்லோணுமாம்."

"அத்தை, ஊர்ல பண்ணுவாங்கன்னுதான எங்கிட்ட சொன்னீங்க."

"மாமியா மருமககிட்ட வேற எப்படிச் சொல்லுவா?" பாவாயி ஒரு வெங்காயத்தை எடுத்தாள், அரியாமல் வைத்தாள். "நின்னுச்சு. அஞ்சு நாள் நின்னுச்சு. அப்பத்தான் அம்மிணி, உங்கிட்ட சொன்னேன். பொய் சொல்லல."

"பொறவு?" என்றார் கருப்பண்ணன்.

"வந்துச்சு."

"இப்ப?"

ரோட்டில் முட்டை லாரி ஒன்று குலுங்கிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் ஓயும்வரைக்கும் மூவரும் காத்திருந்தார்கள்.

"நிக்கல," என்றாள் பாவாயி. "அதுக்குப் பொறவு ஒரு நாளும் நிக்கல."

கருப்பண்ணனுக்குக் கோபம் ஏறியது. யார்மேல் என்று தெரியவில்லை.

"பொறவு எதுக்குடி தெனமும் அந்தக் கருமத்தைப் போட்டுப் போட்டுக் கேட்டே?"

"அது ஒண்ணுதான நிக்கும்னு சொல்லுது." அவள் இப்போதுதான் நிமிர்ந்தாள். "வேற யாரு சொல்றீங்க? ஒரு மாசமா நீங்க என்னைப் பாக்கற பார்வையப் பாத்தா, பொழைக்கறவளைப் பாக்கற மாதிரியா இருக்குது? காலையில எந்திரிச்சதும் துணியப் பாப்பேன். பாத்துட்டு வந்து அதைப் போட்டுக் கேப்பேன். நின்னுரும்னு அது சொல்லும். அன்னியப் பொழுது ஓடிரும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெங்காயத் தோல் காலடியில் பறந்தது.

"நான் சொன்னது தப்பு புள்ள. பயந்துக்கிட்டுச் சொன்னேன்."

"தெரியும்," என்றாள். "நானும் பயந்துக்கிட்டுத்தான் குடிச்சேன்."

பிறகு மருமகளிடம் திரும்பினாள். "அதை எத்தனை பேர் பாத்திருப்பாங்க சாமி?"

தேவிப்ரியா தயங்கினாள். "நாலாயிரத்துச் சில்லறை அத்தை."

பாவாயி, நாலாயிரம் பேர் எத்தனை ஊர் என்று மனசுக்குள் கூட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. அவள் உதடு நடுங்கியதைக் கருப்பண்ணன் பார்த்தார். தன் உடம்பைப் பற்றிப் பேசியபோது நடுங்காத உதடு.

"எல்லாரும் குடிச்சிருப்பாளுங்களா?"

"தெரியலீங்க அத்தை. இப்பவே எடுத்தரச் சொல்றேன்."

"எடுத்தா, குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவளுக்கு எப்படித் தெரியும்? எடுக்காத. அதுக்கு அடியிலயே போடு. பதினோரு மாசமாக் குடிக்கறேன், நிக்கலைன்னு போடு. அந்தப் போனைக் குடு, நானே சொல்றேன். அது பேசற மாதிரி நிறுத்திச் சொல்லோணுமா?"

"உங்க மாதிரியே சொல்லுங்க அத்தை."

சொன்னாள். பேர் வேண்டாம், ஊரை மட்டும் போடு என்றாள். தேவிப்ரியா அந்தக் குரலைச் சாரதாமணிக்கு அனுப்பினாள். பாவாயி மீதி வெங்காயத்தையும் அரிந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். எழும்போது கருப்பண்ணன் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்திருந்த சாக்கைப் பார்த்துவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ். கூட்டம் இல்லை. பாவாயி ஜன்னலோரக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே இருந்தாள். கருப்பண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து சீட்டில் போட்டார்.

"உக்காரு."

"வெள்ளைத் துண்டுங்க."

"உக்காருன்னா."

உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. பதினோரு மாதத்தைத் திரும்ப வாங்க முடியாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. தேவிப்ரியா கொடுத்தனுப்பிய போனை எடுத்தார். சாரதாமணி பூட்டை எடுத்துவிட்டிருந்தாள்; அந்தப் பக்கம் திறந்தே இருந்தது. வெந்தயம் அதே இடத்தில். அதன்மேல் சிவப்பில் ஒரு வரி. கீழே எருமப்பட்டி பக்கத்துப் பெண் என்று போட்டு, பதினோரு மாதமாகக் குடிக்கிறேன், நிற்கவில்லை. அதற்கும் கீழே புதிதாக ஒன்று இருந்தது. எழுத்துக்கூட்டினார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"என்னங்க போட்டிருக்குது?"

"எனக்கும் நிற்கவில்லை. ஆறு மாசம் ஆகிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை."

பாவாயி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தாள்.

"எந்த ஊருன்னு இருக்குதா?"

"கெங்கவல்லியாம்."

"போனைக் குடுங்க. எங்க அமுக்கிப் பேசோணும்?" என்றாள். "அவளையும் இன்னைக்கே கெளம்பச் சொல்லோணும்."