சாந்தாமணியின் லாஸ்ட் நேம்

மயில்சாமியின் பெயர் அமெரிக்க மண்ணில் ஊன்றப்பட்டது அவருடைய அறுபதாவது வயதில். பச்சை அட்டையில் வெள்ளை எழுத்து: 'சாந்தாமணி மயில்சாமி, டவுன்ஷிப் கவுன்சில், மூன்றாம் வார்டு'. முதல் போர்டை வீட்டு முன் புல்லில் குத்தி நிறுத்திவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தார். நாயோடு நடந்து போன பக்கத்துத் தெருக்காரர் என்ன விஷயம் என்று கேட்டதற்கு, போர்டு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். பச்சைப் பொய். மனுஷன் தன் பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? நியூஜெர்ஸிக்கு வந்து இருபத்தாறு வருஷம். ஆபீசில் பாஸ்போர்ட்டின் கடைசியில் கிடந்த அப்பா பேரைப் பிய்த்து 'ராம்' என்றார்கள். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பார்க்கிறவர்களுக்கு அவர் அங்கிள். மகன் ரஞ்சித்குமாருக்கு அப்பா. பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அம்மாவும் அக்காவும்தான். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கட்டிய மனைவிக்கு அவர் 'ஏனுங்க'. அழகான பேரை வைத்துக்கொண்டு அதைக் கேட்காமலே வயசாகிக்கொண்டிருந்தது அவருக்கு.

சாந்தாமணி கோபிசெட்டிபாளையத்துக்காரி. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ஐம்பத்து நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸைப் பனியில் ரிவர்ஸ் எடுக்கிறவள் இதையெல்லாம் நம்புவாளா என்று கேட்டால், அவள் நம்பவில்லை. அவள் நாக்கு நம்பியது. டாக்டர் ஆபீசில் லாஸ்ட் நேம் கேட்டால் கார்டை நீட்டுவாள். போனில் கேட்டால் எம், ஏ, ஒய் என்று எழுத்தெழுத்தாகச் சொல்வாள். ஸ்பெல்லிங்குக்குத் தோஷம் கிடையாது என்பது அவள் கணக்கு.

இப்படிப்பட்டவள் எலெக்ஷனில் நின்றதற்குக் காரணம் மில் ரோடு. அங்கே நடைபாதை கிடையாது, விளக்கு கிடையாது. ஜனவரி மாதம் காலை ஏழு மணி இருட்டில் பிள்ளைகள் சாக்கடை ஓரத்தில் பஸ்ஸுக்காக நிற்கும். டவுன்ஷிப் கூட்டத்தில் மூன்று முறை எழுந்து பேசினாள். மூன்று முறையும் தலையை ஆட்டி, நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

"இவங்ககிட்டச் சொல்லிச் சொல்லி வாய்தாங்க வலிக்குது. நானே போயி அந்தச் சேர்ல உக்காந்துக்கறேன்" என்றாள், ஒரு சனிக்கிழமை தோசைக்கு நடுவே. மயில்சாமி சிரித்தார். அடுத்த சனிக்கிழமை நாமினேஷன் ஃபார்மோடு வந்தாள். சிரிப்பு நின்றது.

பிரசாரப் பொறுப்பை எடுத்துக்கொண்டவள் எதிர்வீட்டு ஸ்ம்ருதி. காலேஜில் பாலிடிக்ஸ் படித்தவள். இங்கேயே பிறந்ததால் தமிழ் காதுக்குள் போகும், வாய்வழியே இங்கிலீஷாகத்தான் வெளியே வரும். போர்டு அச்சடிப்பதற்கு முன்னாலேயே அவள் உதட்டைப் பிதுக்கினாள். "ஆன்ட்டி, இட்ஸ் டூ லாங். ஜஸ்ட் 'சாந்தா எம்' போதும். ஈஸி டு ரிமெம்பர்."

மயில்சாமி முந்திக்கொண்டார். "அது கரெக்ட்தான். என்ற பேரு எதுக்கு? சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு." சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் காபி டம்ளரை எடுத்துச் சமாளித்தார்.

சாந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். "பேரு அப்படியேதான் இருக்கோணும். எனக்குச் சொல்லத்தான் வராது. எழுதறதுக்கு என்னங்க?"

செப்டம்பர் முழுக்க வீடு வீடாக நடந்தார்கள். கதவு திறக்கும். "ஹலோ, ஐயாம் சாந்தாமணி" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு மூச்சு நிறுத்துவாள். பின்னால் நிற்கும் மயில்சாமி "மயில்சாமி" என்று முடிப்பார். நாதஸ்வரமும் ஒத்தும் மாதிரி நன்றாகத்தான் போயிற்று. ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், ஜோடியாக நிற்கிறீர்களா என்றுகூடக் கேட்டார். தன் பேரைத் தானே சொல்லிக்கொண்டு தெருத்தெருவாக அலைவது மயில்சாமிக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் ஒரு ஓரத்தில், என்றைக்காவது தன்னை மறந்து அவளே சொல்லிவிட மாட்டாளா என்ற நப்பாசையும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரில் நூலகத்தில் வேட்பாளர் கூட்டம். மேடையில் சாந்தாமணி, பக்கத்தில் பன்னிரண்டு வருஷமாக அந்தச் சீட்டில் இருக்கும் மனிதர். மயில்சாமி மூன்றாவது வரிசையில். நடத்திய அம்மாள், பதிவுக்காக முழுப்பேரையும் விலாசத்தையும் மைக்கில் சொல்லச் சொன்னார்.

"சாந்தாமணி" என்றாள். ஒரு மூச்சு நின்றது. முடித்துவைக்க ஆள் இல்லை. "எம், ஏ, ஒய், ஐ, எல், எஸ், ஏ, எம், ஒய்."

"தாங்க் யூ. அதை எப்படி உச்சரிக்க வேண்டும்?" என்று நல்ல மனதோடுதான் கேட்டார் அந்த அம்மாள்.

சாந்தாமணி மைக்கைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். மயில்சாமி பாதி எழுந்துவிட்டார். பார்வையாளர்கள் பேசக்கூடாது என்று ஒருவர் கையைக் காட்ட, உட்கார்ந்தார். கடைசியில் அவள், "யூ ப்ளீஸ் ட்ரை" என்றாள். கூட்டம் சிரித்தது. நடைபாதையைப் பற்றி அதற்கப்புறம் அவள் பேசிய நல்ல பேச்சு யார் காதிலும் ஏறவில்லை.

மறுநாள் ஊர் ஃபேஸ்புக் குரூப்பில் அந்தப் பதினான்கு செகண்ட் வீடியோ சுற்றியது. சொந்த லாஸ்ட் நேம் தெரியாதவளா நமக்குக் கவுன்சிலர் என்று ஒருவர். அது உண்மைப் பேர்தானா என்று விசாரிக்க வேண்டும் என்று இன்னொருவர். மயில்சாமி சமையலறை மேஜையில் போனைக் கவிழ்த்து வைத்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் குரலை உயர்த்தியது நாலைந்து தடவை இருக்கும். இது அதில் ஒன்று.

"ஒரு பேரு, சாந்தா. நாலெழுத்துப் பேரு இல்லதான், ஒத்துக்கறேன். ஆனா ஒருக்காச் சொன்னா நான் என்ன செத்தா போயிருவேன்? மில் ரோட்டுல நிக்கற கொழந்தைகளுக்காகக்கூட அதைச் சொல்ல மாட்டியா? இல்ல, சொல்றதுக்கு அது அவ்வளவு கேவலமான பேரா?"

கடைசிக் கேள்வி அவரை அறியாமல் வந்துவிட்டது. வந்த பிறகுதான் அதுதான் கேட்க நினைத்தது என்று தெரிந்தது.

சாந்தாமணி அடுப்பை அணைத்தாள். வந்து எதிரில் உட்கார்ந்தாள். "நான் சொல்லிருக்கறனுங்க. ஒருக்கா."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் முன்னால. நீங்க இதே எடத்துல விழுந்தப்ப."

ஹார்ட் அட்டாக் வந்த மார்ச் மாதக் காலை. அவருக்குக் காபி வாசனையும், அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரையும்தான் ஞாபகம்.

"நைன் ஒன் ஒன்ல அந்தப் பொண்ணு லைன்லயே இருந்துச்சு. அவரைத் தூங்க விடாதீங்க, கூப்பிட்டுக்கிட்டே இருங்கன்னுச்சு. 'ஏனுங்க, ஏனுங்க'ன்னு கூப்பிடறேன், கூப்பிடறேன், நீங்க அசையவே இல்ல. கண்ணு மேல போயிருச்சு. அந்தப் பொண்ணு, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க மேடம்னுச்சு." அவள் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே பேசினாள். "கத்தினேன். ஒருக்காத்தான். கண்ணைத் தொறந்து என்னையப் பாத்தீங்க."

மயில்சாமி போனை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"சொன்னா ஆயுசு கொறையும்னாங்க எங்கூட்டுல. எனக்கு அது நீட்டிக் குடுத்துச்சு. இன்னொருக்கா அந்த மாதிரி வந்தா எனக்கு வேற என்னங்க இருக்குது, கூப்பிட? அதைக் கொண்டுபோயி மைக்லயும் டோர் டோராவும் சொல்லித் தேய்க்கச் சொல்றீங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி முன்னால் அழக்கூடாது என்று அவருக்கும் யாரோ சொல்லி வளர்த்திருந்தார்கள். அன்றைக்கு அது உதவவில்லை.

இதை வெளியே சொன்னாலே போதும், ஊரே உருகிவிடும் என்று, மயில்சாமி வழியாக விஷயம் தெரிந்த ஸ்ம்ருதி சொன்னாள். சாந்தாமணி அசையவில்லை. "அது எங்கூட்டுக் கதை கண்ணு. ஓட்டுக்கு இல்ல." ஸ்ம்ருதி தலையில் கை வைத்துக்கொண்டு போனாள்.

காப்பாற்றியது பஸ். அதே வீடியோவின் கீழே, மில் ரோட்டில் குடியிருக்கும் ஒரு நைஜீரியத் தாய் எழுதினாள்: 'இவருக்குத் தன் பேர் வருமோ வராதோ எனக்குத் தெரியாது. என் மகன் பேர் ஓலுவாசெயுன். ஸ்கூலில் அவனை ஓலி என்கிறார்கள், சாம் என்கிறார்கள். முழுப்பேரையும் பிசகாமல் சொல்லிக் காலையில் குட் மார்னிங் சொல்கிற ஒரே ஆள் இந்த ஊரில் இவர்தான்.' அதன் கீழே போலந்துக்காரர் ஒருவர், அவருக்குக் கீழே ஒரு வியட்நாமியப் பாட்டனார். பதினான்கு வருஷத்தில் அந்த பஸ்ஸில் ஏறி இறங்கிய பிள்ளைகளின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. சாந்தாமணி ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டில் அந்தப் பேர்களை எழுதி வைத்துக்கொண்டு, பெற்றவர்களுக்கே போன் போட்டு எப்படிச் சொல்வது என்று கேட்டுப் பழகுவாள். இது மயில்சாமிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

நவம்பரில் ஓட்டுப் போடும் இடத்தில், ஓட்டுச் சீட்டில் அவள் பேரும் தன் பேரும் ஒட்டி ஒட்டி நிற்பதை அவர் பார்த்தார். போர்டையும் கார்டையும் விட்டால், கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இப்படி அச்சில் பார்ப்பது இப்போதுதான். ஓவல் கட்டத்துக்குள் மையை மெதுவாக, வெளியே வழியாமல் நிரப்பினார். சாந்தாமணி நாற்பத்து மூன்று ஓட்டில் ஜெயித்தாள்.

ஜனவரி முதல் வாரம் பதவி ஏற்பு. 'ஐ' என்று தொடங்கி முழுப்பேரையும் சொல்லிப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று கடிதம் வந்ததும் மயில்சாமி அவளுக்குத் தெரியாமல் டவுன்ஷிப் கிளார்க்கைப் பார்க்கப் போனார். டோனா என்ற அந்த அம்மாளிடம் விஷயத்தை விளக்க அவருக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

"அப்படியானால் உங்களை என்னவென்று கூப்பிடுவார்?"

"ஏனுங்க."

"அதற்கு என்ன அர்த்தம்?"

மயில்சாமி யோசித்தார். "வொய், வித் ரெஸ்பெக்ட்" என்றார். டோனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பேரைத் தானே படித்துக் கேள்வியாகக் கேட்பதாகவும், அவள் 'ஐ டூ' என்றால் போதும் என்றும் சொன்னார். அவளுடைய சேமிப்பை அவளுக்கே விட்டுவைத்த திருப்தியில் மயில்சாமி வீடு திரும்பினார். தனக்கு இனி அந்தப் பேரைக் கேட்கக் கிடைக்காது என்பதும் தெரிந்தே இருந்தது. அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

அன்றைக்கு ஹால் நிறைந்திருந்தது. சாந்தாமணி ஊதாப் பட்டுக்கு மேல் கோட்டு போட்டிருந்தாள். மயில்சாமி பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் திருக்குறளைப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் அதன்மேல் கை வைத்தாள். டோனா காகிதத்தைப் பார்த்து, குரலைச் செருமிக்கொண்டார்.

"டூ யூ, சான்டமானி மேயில்சேமி..."

சாந்தாமணி கையை எடுத்தாள். "சாரி. மயில்சாமி" என்றாள்.

மைக் பக்கத்தில் இருந்தது. கடைசி வரிசை வரை கேட்டது. பஸ்ஸில் ஒரு பிள்ளையின் பேரைச் சொல்வது போல, ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னாள்.

"என்ன அம்மிணி?" என்றார் மயில்சாமி.

கூப்பிட்டால் பதில் சொல்வதுதானே மனுஷ இயல்பு. அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது. தமிழ் தெரிந்த இரண்டு வரிசை சிரித்தது. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள்.

"இந்தம்மா தப்பாச் சொல்லிப் பழகிட்டா, நாளைக்கு அவசரத்துக்கு யாரு கூப்பிட்டாலும் நீங்க எப்படிங்க கண்ணைத் தொறப்பீங்க?" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பிறகு டோனாவின் பக்கம் திரும்பி இன்னொரு முறை, பாதி பாதியாகப் பிரித்து, "மயில். சாமி" என்று சொல்லிக் கொடுத்தாள்.

டோனா திருப்பிச் சொன்னார். முதல் தடவையில் வரவில்லை. சாந்தாமணி விடவில்லை.