ம், போலாம்

வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை அம்மா வாசல்வரை வந்து, "இன்னிக்கு ஒரு நாளாவது வாயைக் கட்டி வைடி" என்றாள். சும்மா கேலிக்குச் சொன்னதல்ல. இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வில் பேசக்கூடாது என்பது விதி.

அவர்கள் பிழைக்க வந்த வெளிநாட்டு நகரத்தின் பெரிய இசைக்குழு அது. மேடை நிறைய ஆட்கள்; ஒருவர் தோல்கூட அவள் தோலைப்போல் கறுப்பில்லை. இதைப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்ட பிறகுதான், குழுவிலிருந்தே வரும் நடுவர்களுக்கு முன்னால் ஒரு திரையைக் கட்டினார்கள். வாசிப்பவர் முகம் தெரியாது. நடக்கிற சத்தம்கூடக் கேட்காதபடி கம்பளம் விரித்தார்கள். இனிமேல் காது மட்டும்தான் முடிவு செய்யும் என்று அறிக்கையும் விட்டுக்கொண்டார்கள். பெருமைக்குக் குறைச்சலில்லை.

அவள் வாத்தியம் வயோலா; வயலினைவிடக் கொஞ்சம் பெரியது. குழுவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவளைக் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்காரவைப்பார்கள். காய்ச்சல் விட்டதும் அனுப்பிவிடுவார்கள். வருடக்கணக்கில் இப்படிக் கறிவேப்பிலையாகவே இருந்தாள். நிரந்தர இடம் ஒன்று காலியானது இப்போதுதான். இதை விட்டால் அடுத்தது வருவதற்குள் தலை நரைத்துவிடும்.

முதல் சுற்றில் உதட்டை இறுக்கிக்கொண்டு வாசித்தாள். இரண்டாவது சுற்றில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "அந்த மெதுவான பகுதியை இன்னொரு தடவை வாசிங்க" என்றது. குறை கண்டுபிடிக்கிற குரல் இல்லை, ஆசைப்பட்டுக் கேட்கிற குரல். மற்ற எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். கடைசிச் சுற்றுக்கு அவள் ஒருத்திதான் மிச்சம்.

அந்தச் சந்தோஷம்தான் காலை வாரியது.

சின்ன வயதில் அவளை வகுப்புக்கு ஏற்றிப்போனது அப்பாவின் பார்சல் வேன். சாவியைத் திருகுமுன் அப்பா, "ம், போலாம்" என்பார். வீட்டில் சாதகம் செய்யும்போதும் சோபாவிலிருந்து அவர் அதைச் சொன்னால்தான் அவள் வில் இறங்கும். அவர் வேலைக்குப் போன நாட்களில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒத்திகையில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் அதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள்.

கடைசிச் சுற்றில் வில்லைத் தூக்கினாள். மனசு லேசாக இருந்தது.

"ம், போலாம்."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது. அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச வேறு ஆள் கிடையாது. திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "ஓ, அவளா?" என்று யாரோ கிசுகிசுத்தார்.

அவள் உயிரைக் கொடுத்து வாசித்தாள். மெதுவான பகுதி முன்பு வந்ததைவிட நன்றாகவே வந்தது. பாதியில், "போதும், நன்றி" என்றார்கள். காலையில் இன்னொரு தடவை கேட்ட அதே குரல். வெட்கங்கெட்ட காது!

மேலாளர் நடைக்கு வந்தார். "இந்தத் தடவை தகுதியானவங்க யாரும் அமையல. இடத்தைக் காலியாவே வைக்கிறதா முடிவு." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். போகத் திரும்பியவர் நின்று, "வர்ற வாரம் ஒருத்தருக்கு ஆபரேஷன். வழக்கம்போல வந்துடுறீங்களா?" என்றார்.

வெளியே வேனில் அப்பா காத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"எங்க சறுக்குச்சும்மா?"

"எங்கயும் இல்லப்பா. நல்லாத்தான் வாசிச்சேன்."

"வாயைத் திறக்கலயே?"

இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த வார்த்தையை அவர் சாகும்வரை சொல்லமாட்டார்.

"இல்லப்பா."

"அப்போ அவங்களுக்குத்தான் குடுத்து வைக்கல, விடு."

வயோலாப் பெட்டியை வாங்கிப் பின்னால் பத்திரமாக வைத்தார். ஏறி உட்கார்ந்தார். சாவியில் கை வைத்து, மகளைத் தேற்ற வேறு எதுவும் தெரியாமல், வழக்கத்தைவிட மெதுவாக, "ம், போலாம்" என்றார்.

வீடு வரும்வரை வாயாடி வாயைத் திறக்கவில்லை.