காலர் ஒட்டும் வரை

1

இந்தக் கதை என் கழுத்தில் தொடங்கியது. தைக்கக் கொடுத்த சட்டையின் காலர் கொப்புளம் கொப்புளமாக உப்பிக்கொண்டு வந்து சேர்ந்தது. தைத்தவரிடம் சண்டை போடத்தான் போனேன். அவர் நடந்ததைச் சொன்ன பிறகும் என் கோபம் தணியவில்லை, ஆள் மாறிக்கொண்டது, அவ்வளவுதான். இப்போது அது அவருடைய வீட்டுக்காரர் மேல் இருக்கிறது. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அதே சட்டையைத்தான் போட்டிருக்கிறேன். உறுத்துகிறது.

(நேரில் தைத்த அம்மாவை 'அவர்' என்றுதான் சொல்வேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுகிறாள். வீட்டுக்காரரையும் 'அவன்' ஆக்கிவிடுகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.)

2

முதல் தொடக்கம்: "இன்றைய சூழலில் மின்சாரச் சிக்கனம் என்பது இன்றியமையாத"

(கட்டுரைப் போட்டியா நடக்கிறது? அடித்தாயிற்று.)

இரண்டாவது: "அவள் ஜன்னலோரம் நின்று வெகுநேரம் வெளியே வெறித்துப் பார்த்துக்கொண்டி"

(வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. வெறிக்க அவளுக்கு ஏது நேரம்?)

மூன்றாவது நிற்கும் போலிருக்கிறது:

பாதி தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டி அணைந்துபோனது.

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, விளக்கும் எரிந்தது. பெட்டி மட்டும் ஆறிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த பிளக்கின் சின்ன நீல விளக்கைக் காணோம். உடனே போனில் கணவனின் செய்தி வந்தது: "நீ மறந்துட்டன்னு நினைச்சு ஆஃப் பண்ணிட்டேன்." பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம்.

காலருக்குள் பசைத்துணி என்று ஒன்று வைப்பார்கள். சூடான பெட்டியை அதன்மேல் அழுத்தி, கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும். சூடு நடுவில் போனால் ஓரிடத்தில் ஒட்டும், ஓரிடத்தில் ஒட்டாது. பிறகு எவ்வளவு தேய்த்தாலும் கொப்புளம் போகாது. அந்தக் காலர் என்னுடையது.

ஆனால் என் காலருக்காக நீங்கள் வருத்தப்பட மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் அதைக் கழற்றி ஒரு நர்ஸ் பெண்ணுக்குக் கொடுக்கிறேன். அவளுக்கு நாளைக் காலை நேர்முகத் தேர்வு. அதற்காகத் தைக்கக் கொடுத்த கோட்டின் காலர்தான் இப்போது கெட்டுப்போயிருக்கிறது. மிச்சத் துணியில் இன்னும் ஒரே ஒரு காலர் வெட்டலாம். அதுவும் போனால் அவ்வளவுதான்.

3

கணவனை அறிமுகப்படுத்த வேண்டும். நியாயமாக முயல்கிறேன்.

அவன் ஒரு கம்பெனிக் கிடங்கில் மேற்பார்வையாளன். பிரித்துப் போட்ட கயிற்றைக்கூடச் சுருட்டி எடுத்துவைப்பதால் அங்கே அவனுக்கு 'மிச்சம்' என்று பட்டப்பெயர். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். இப்படிப்பட்டவர்களை வைத்துக் கதை எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும் என் கஷ்டம்.

போன மாதம் ஒரு பெட்டி நிறைய ஸ்மார்ட் பிளக் வாங்கி வந்தான். சுவர் சாக்கெட்டில் அதைச் செருகி, அதற்குள் இஸ்திரிப் பெட்டியையோ கெட்டிலையோ செருக வேண்டும். எது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று போனில் தெரியும். போனிலிருந்தே அணைக்கவும் செய்யலாம். சும்மா கிடந்த டிவி பெட்டி நாள் முழுக்கக் கரண்ட் தின்றதை அவன் அப்படித்தான் கண்டுபிடித்தான். நல்ல காரியம். பொருளின் மேல் எனக்குக் கோபமே இல்லை. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதை வைத்து என்னை நானே வேவு பார்த்துக்கொள்கிறேன், அது என் இஷ்டம்.

அவளுடைய தையல் மெஷினுக்கு ஒரு பிளக் மாட்டினான். இஸ்திரிப் பெட்டிக்கு, கெட்டிலுக்கு, மிக்சிக்கு என்று வரிசையாக மாட்டினான். அவனுடைய கம்ப்யூட்டருக்கு மட்டும் மாட்டவில்லை. ஏன் என்று அவள் கேட்டாள்.

"அது வேலைக்குப்பா," என்றான்.*

* என் கோபம் ஆள் மாறியது இந்த இடத்தில்தான்.

4

ஒரு நாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"மத்தியானம் கெட்டில் ரெண்டு தடவை ஓடியிருக்கே. யாரு வந்தா?"

"யாரும் வரல."

"ரெண்டு தடவைன்னு காட்டுதே."

"ரெண்டாவது தடவையும் நான்தாங்க குடிச்சேன்."

"சரி சரி, சும்மாதான் கேட்டேன்," என்றான் சிரித்துக்கொண்டே. உண்மையிலேயே சும்மாதான் கேட்டான். ஆனால் அடுத்த நாளிலிருந்து அவள் கெட்டிலைத் தொடவில்லை. அடுப்பில் பாத்திரம் வைத்து வெந்நீர் போட்டாள். தன் சொந்த வீட்டில் ஒரு பெண் ஒளிந்து டீ குடிக்கிறாள். இதைச் சாந்தமாக எழுத எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

5

பிளக்கைப் பிடுங்கிவிட்டு நேராகச் சுவரில் செருக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஒரு நாள் அப்படிச் செய்தாள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கதை சுலபமாகியிருக்கும். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, ஒவ்வொரு பிளக்கையும் கறுப்பு டேப்பால் சுவரோடு சேர்த்து நீட்டாக ஒட்டினான். "லூசா இருந்தா ஆபத்தும்மா" என்றான்.

போனிலிருந்து அவன் ஒருபோதும் அணைக்காத பிளக் ஒன்றே ஒன்றுதான், மீன் தொட்டியினுடையது. தொட்டி தையல் அறையில்தான் இருந்தது. தண்ணீரைச் சூடாக வைக்க ஒரு ஹீட்டர், காற்று விட ஒரு மோட்டார், இரண்டுக்கும் ஒரே வயர். மீன்கள் அவனுக்கு உயிர். வந்ததும் முதலில் அவற்றைத்தான் எட்டிப்பார்ப்பான்.

6

இனி நடப்பது முழுக்க என் கற்பனை. நிஜத்தில் அவர் எனக்குக் காலரை மாற்றிக்கூடத் தரவில்லை, துணி இல்லை என்றார்.

தையல்காரி கடைசித் துணியில் காலரை வெட்டினாள். பசைத்துணியை வைத்தாள். பெட்டியின் வயரைக் கையில் வைத்துக்கொண்டு, டேப் ஒட்டிய அதன் பிளக்கையும் மீன் தொட்டியின் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மீன் தொட்டியின் வயரை உருவிவிட்டு, அதன் பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். கொஞ்ச நேரம் காற்று நின்றால் மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. தொட்டி கழுவும் நாளில் அவனே இதைவிட அதிக நேரம் நிறுத்திவைப்பான்.

நர்ஸ் பெண் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, ஆயிடுமா?"

"உட்காரும்மா. இன்னிக்கு ஆயிடும்."

பெட்டி சூடேறியது. காலர்மேல் வைத்து அழுத்தினாள்.

கிடங்கில் அவன் போனைப் பார்த்தான். மீன் தொட்டி இழுக்கும் கரண்ட் திடுதிப்பென்று எங்கேயோ எகிறியிருந்தது. ஹீட்டர் பைத்தியம் பிடித்து ஓடுகிறது, தண்ணீர் கொதிக்கிறது, மீன்கள் வேகின்றன. அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அணைக்க விரலைக் கொண்டுபோனான். அணைத்தால் காற்று மோட்டாரும் நின்றுவிடுமே. விரல் அந்தரத்தில் நின்றது.

தையல் மேஜையில் போன் அடித்தது. அவள் கை பெட்டியில் இருந்ததால் நர்ஸ் பெண் எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"கேளு, தொட்டியில என்னமோ ஆயிருக்கு. மீனுங்க நல்லா இருக்கா? கொஞ்சம் பார்த்துச் சொல்லேன். நான் இங்கிருந்து அணைச்சிடட்டுமா?"

கவனித்தீர்களா? கேட்கிறான். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அணைக்கும் முன் கேட்காதவன், மீனுக்காகக் கேட்கிறான். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

7

முடிவுக்கு மூன்று வழி வைத்திருந்தேன்.

ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள். "தொட்டி இல்லீங்க, என் இஸ்திரிப் பெட்டி." அவன் நிம்மதியாகப் பெருமூச்சு விடுகிறான். விட்டபடியே அணைக்கிறான்.

இரண்டு: மீன்கள் செத்துப்போகின்றன, அவன் திருந்துகிறான். (ஒரு மனுஷன் திருந்த மீன் ஏன் சாக வேண்டும்? மாட்டேன்.)

மூன்று: அன்று மாலை அவன் மெதுவாக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் செஞ்சது"

(அதற்கு மேல் வரவில்லை. பல தடவை முயன்றுவிட்டேன். அந்த வாக்கியம் இவன் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது.)

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. போன் அவள் காதில் இருக்கிறது. "அணைக்கட்டுமா, சொல்லு" என்று அவன் திரும்பக் கேட்கிறான். நர்ஸ் பெண் போனைப் பிடித்துக்கொண்டு காலரையே பார்க்கிறாள். தையல்காரி கையை எடுக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. பசை இன்னும் கொஞ்சம் இளக வேண்டும்.

பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அணைக்கும் விரல் யாருடையதோ அவரையே சொல்லச் சொன்னாலும் சரி. அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள், வேலையாக இருக்கிறாள். காலர் ஒட்டும் வரை அவன் லைனில் காத்திருக்கட்டும்.