முதன்மை விண்ணப்பதாரர்

வெளிநாட்டு வேலை அனுமதி அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் இருந்த குமாஸ்தா, விவரம் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டு போனவர். கொத்தனாரும் பெண்டாட்டியும் வந்து நின்றதும், கேட்கும் முன்னே ஒப்பிக்கத் தொடங்கினார்.

"மூணு வழி இருக்கு. பழம் பறிக்கப் போனா ஆறு மாசம், ஒண்டியாத்தான் போகணும். கம்பெனி மூலமாப் போனா ரெண்டு வருஷம், ஆனா முதலாளியை மாத்த முடியாது. அவன் எப்படிப்பட்டவனா இருந்தாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும். மூணாவது, தொழில் தெரிஞ்சவங்களுக்கு. பரீட்சையில தேறினா ரெண்டு வருஷம், முதலாளியை மாத்திக்கலாம், புருஷன் பெண்டாட்டி சேர்ந்தே போகலாம். தோத்த ஆள் ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வர முடியாது."

"சேர்ந்து போறதுதான் வேணும்," என்றாள் அவள்.

போன தடவை புருஷன் பழம் பறிக்கப் போன ஆறு மாதமும், அவரிடம் சித்தாளாக இருந்த அவள் வேறொரு கொத்தனாரிடம் சாந்துச் சட்டி சுமந்தாள். அந்த ஆள் வாயைத் திறந்தால் வசவு, கையைச் சும்மா வைத்திருக்கவும் தெரியாது. மறுபடி அங்கே போவதற்குப் பட்டினி கிடக்கலாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"பரீட்சைதானே," கொத்தனார் மீசையைத் தடவினார். "பதினெட்டு வருஷமா சுவர் பூசுறேன். கண்ணைக் கட்டி விட்டாலும் பூசுவேன்."

"திறந்துகிட்டே பூசுங்க, போதும்," என்றார் குமாஸ்தா.

படிவத்தில் முதன்மை விண்ணப்பதாரர் என்று கொத்தனார் பெயரும், துணையாகச் செல்பவர் என்று அவள் பெயரும் ஏறின.

பரீட்சை பின்கட்டுக் கொட்டகையில். ஆளுயரச் செங்கல் சுவர் ஒவ்வொன்றின் முன்னாலும் மணல், சிமெண்ட் மூட்டை, தண்ணீர் டிரம், மண்வெட்டி. கூட வந்தவர்கள் கம்பி வேலிக்கு வெளியே. பரிசோதகர் கடிகாரத்தைப் பார்த்துக் கையை இறக்கினார்.

கொத்தனார் சுவரை நனைத்தார். கரணையை எடுத்தார். பழக்கத்தில் இடது கையைப் பின்னால் நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"என்ன வேணும்?" என்றார் பரிசோதகர்.

"கலவை, சார்."

"போட்டுக்கங்க. இங்க சித்தாள் கிடையாது. போற ஊர்லயும் கிடையாது."

கரணை பிடித்த நாளிலிருந்து கொத்தனார் மண்வெட்டியைத் தொட்டதில்லை. அதற்கு முன் தொட்டதெல்லாம் கைக்கு மறந்துவிட்டது. மணலைக் குத்துமதிப்பாகத் தள்ளி, சிமெண்டைக் கொட்டி, தண்ணீரை ஊற்றினார்.

"போதுங்க, தண்ணி போதும்," என்று வேலியிலிருந்து குரல் வந்தது.

"வெளியிலேர்ந்து பேசக் கூடாதும்மா."

வீம்புக்கு இன்னொரு குவளை ஊற்றினார். பூச்சு என்னவோ கண்ணாடி மாதிரிதான் வந்தது. கரணையைக் கழுவித் திரும்பிப் பார்த்தால், மேல்பாதி அவசரமே இல்லாமல் வழுக்கிக் கீழ்பாதியின் மேல் உட்கார்ந்துகொண்டிருந்தது. பரிசோதகர் தாளில் அவர் பெயரின் மேல் கோடு போட்டார்.

அவள் நேராக மூன்றாம் ஜன்னலுக்குப் போனாள். பின்னாலேயே கொத்தனாரும் போனார்.

"படிவத்துல பேரை மாத்தலாமா? நான் முதல்ல, அவர் துணையா."

"மாத்தலாம், மதியம் இன்னொரு பரீட்சை இருக்கு. உங்களுக்குப் பூசத் தெரியுமா?"

"இவர் சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடுறப்ப, மாடிப்படிக்கு அடியில, குளியலறைக்குப் பின்னாலன்னு யாரும் பார்க்காத சுவரெல்லாம் யார் பூசுறாங்கன்னு அவரையே கேளுங்க."

குமாஸ்தா கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் மின்விசிறியைப் பார்த்தார். அவள் சொன்னது உண்மை. வீட்டுக்காரர்களிடம் அதையெல்லாம் தன் வேலை என்று அவர் சொல்லி வந்ததும் உண்மை.

"இவளுக்குப் பூசத் தெரியும்," என்றார் கொத்தனார்.

மதியம் வேலிக்கு வெளியே நிற்பது கொத்தனாரின் முறை. அவள் கலவையை மூன்று முறை புரட்டினாள், ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தாள், பிறகுதான் கரணையைத் தொட்டாள். ஓர் இடத்தில் மேடு தட்டியபோது அவருக்குக் கை பரபரத்தது. வாயை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டார். பரிசோதகர் வந்து விரல் முட்டியால் தட்டினார்.

"வழவழப்பு பத்தாது. ஆனா கெட்டியா நிக்குது. தேறிட்டீங்க."

கொத்தனார் அப்போதுதான் கம்பியை விட்டார்.

ஜன்னலில் குமாஸ்தா பேனாவைத் திறந்தார். "துணையாப் போறவரும் அங்க வேலை பார்க்கலாம். என்ன வேலைன்னு எழுத?"

"சித்தாள்," என்றாள் அவள்.

"உதவியாளர்னு எழுதக் கூடாதா?" என்று மெல்லக் கேட்டார் கொத்தனார்.

"எழுதலாம். வேலை அதேதான்," என்றார் குமாஸ்தா.

கொத்தனார் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "கிளம்ப இன்னும் மூணு மாசம் இருக்கு. நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க. முதல்ல அரைச் சட்டியாத் தூக்குங்க, இல்லைன்னா இடுப்பு பிடிச்சுக்கும்."